மூக்கு வழியே போகும் குழாய்

தாடை எலும்பை நேராக்கும் அறுவை சிகிச்சை, வாய்ப் புற்றுக்கான அறுவை சிகிச்சை போன்றவற்றில் சர்ஜனுக்கு வாய் முழுவதும் வேண்டும். அதனால் நோயாளிக்கு முழு மயக்கம் கொடுத்தபின், மயக்க மருத்துவர்களான நாங்கள் சுவாசக் குழாயை மூக்கு வழியாக மூச்சுக்குழலுக்குள் செலுத்துவோம். "தொண்டையில் டியூப் போடுவீங்களா, டாக்டர்?" என்று கேட்பவர்கள் உண்டு. மூக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஒருமுறை மூக்கின் பின்புறம் லேசாக இடித்துவிட்டுத்தான் குழாய் உள்ளே போனது. குரல்நாண்களைத் தாண்டியதைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் காற்றைச் செலுத்தும் பையை அழுத்தினால் மார்பு எழும்பவில்லை. திரையில், வெளிமூச்சில் வரும் கரியமில வாயுவின் கோடும் எழவில்லை. நுரையீரல் இறுகிவிட்டதோ என்றுதான் அந்த நேரத்தில் மனம் ஓடும். உறிஞ்சுகுழாயை உள்ளே விட்டேன், பாதியில் நின்றது. சரி, அடைப்பு குழாயில்தான். உருவிவிட்டு முகமூடி வழியே ஆக்சிஜன் கொடுத்ததும் மார்பு எழும்பியது. குழாயின் நுனியை ஒரு சதைத்துணுக்கு அடைத்திருந்தது. மூக்கின் பின்புறம் இருக்கும் அடினாய்டு சதை, போகிற வழியில் குழாய் சுரண்டி எடுத்துக்கொண்டது.

அதிகம் நடப்பது ரத்தக்கசிவு. பெரும்பாலும் தானே நிற்கும். எனக்குப் பயம் வெளியே வடியும் ரத்தத்தைக் கண்டு அல்ல. உள்நாக்குக்குப் பின்னால் ஒளிந்து உறையும் கட்டியைக் கண்டுதான். குழாயை எடுத்தபின் அது நழுவி மூச்சுக்குழலை அடைத்தால் உயிரே போகலாம். ஆங்கிலத்தில் அந்தக் கட்டிக்கு, மரணங்களை விசாரிக்கும் அதிகாரியான 'கரோனர்' பெயரையே வைத்து 'கரோனர்ஸ் க்ளாட்' என்கிறார்கள். அதனால் குழாயை எடுக்குமுன் அந்த மறைவிடத்தை நேரில் பார்த்து உறிஞ்சி எடுப்பேன், எவ்வளவு அவசரமானாலும்.

ரத்தக்குழாய்களைச் சுருக்கும் சொட்டு மருந்து, வெந்நீரில் இளக்கிய சற்றே சிறிய குழாய், வழவழப்பான ஜெல், மூக்கின் தரையை ஒட்டிய பாதை: இவ்வளவு செய்தும் சில மூக்குகள் இடம் கொடுக்காது. முரட்டுத்தனமாகத் தள்ளினால் தொண்டையின் பின்சுவரைக் கிழித்துக்கொண்டு குழாய் தவறான வழியில் போகும். மண்டையோட்டின் அடித்தளம் உடைந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் பொதுவாக மூக்குப் பக்கமே போகமாட்டோம்.

நீங்கள் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும் விஷயங்கள் சில உண்டு. அடிக்கடி சில்லு மூக்கு உடையுமா? எந்தப் பக்கம் அடைக்கிறது? மூக்கில் சதை வளர்ச்சியோ, பழைய அறுவை சிகிச்சையோ உண்டா? குழந்தை குறட்டை விடுகிறதா? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சாப்பிட்டால் நீங்களாக நிறுத்தவேண்டாம், சொன்னால் போதும்.

அப்புறம், தாடையைக் கம்பியால் கட்டியிருந்தால் கட்டிலருகே கம்பி வெட்டும் கருவி இருக்கிறதா என்று உறவினர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். அவசரத்தில் வாயைத் திறக்க அதுதான் வழி.