லாபம் இருக்கிறது, சம்பளம் போடத்தான் பணமில்லை

போன வாரமும் ஒருவர் வந்தார். படிப்பை முடித்த கையோடு நண்பரைச் சேர்த்துக்கொண்டு தொழில் தொடங்கியவர். மடிக்கணினியைத் திறந்து எக்செல் தாளைக் காட்டினார். விற்பனை மாதாமாதம் ஏறுகிறது, கடைசி வரியில் லாபம், அதற்குப் பச்சை நிறம் வேறு அடித்திருந்தார். "சார், லாபத்துலதான் ஓடுது. ஆனா இந்த மாசம் சம்பளம் போட அக்கவுண்ட்ல பணம் இல்ல, எங்க தப்பு?" என்றார். வங்கிக் கணக்கு விவரத்தைக் காட்டுங்கள் என்றேன். "அது எதுக்கு சார்?"

கணக்குத் தணிக்கை செய்து பிழைக்கும் எனக்கு இந்த 'அது எதுக்கு' கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. வணிகவியல் படித்தவர்களும் கேட்கிறார்கள், மேலாண்மைப் பட்டம் வாங்கியவர்களும் கேட்கிறார்கள். தேவை, அளிப்பு, விலை எங்கே சந்திக்கும் என்று அழகாக வளைகோடு போடுகிறார்கள். அதையெல்லாம் நான் இங்கே விளக்கப் போவதில்லை, பாடப்புத்தகத்தில் இருக்கிறது. விற்பனை, லாபம், கையில் இருக்கும் பணம் மூன்றும் மூன்று வெவ்வேறு எண்கள் என்பது மட்டும் ஏனோ யார் மண்டையிலும் ஏறுவதில்லை.

சரக்கை அனுப்பி பில் போட்ட அன்றே அது உங்கள் கணக்கில் வருமானம் ஆகிவிடும். வாங்கியவர் இரண்டு மாதம் கழித்துப் பணம் தரலாம், இழுத்தடிக்கலாம், தராமலே போகலாம். கணக்குப் புத்தகம் அதற்காகக் காத்திருக்காது. இது மோசடி இல்லை, உலகம் முழுக்க நிறுவனங்கள் பொதுவாகக் கணக்கு எழுதும் முறையே இதுதான். அதனால் லாப நட்டக் கணக்கில் லாபம் என்று வந்தால், அந்தக் காலத்தில் சம்பாதித்தீர்கள் என்றுதான் பொருள். அந்தப் பணம் கைக்கு வந்து சேர்ந்ததா என்பதை அந்தத் தாள் சொல்லவே சொல்லாது.

எண்ணைப் போட்டே பார்த்துவிடலாம். சரக்கை 80-க்கு வாங்கி 100-க்கு விற்கிறீர்கள். கொள்முதலுக்கு உடனே பணம் கட்ட வேண்டும், விற்பனைப் பணம் இரண்டு மாதம் கழித்து வரும். முதல் மாதம் விற்பனை 100, அடுத்த மாதம் 150, மூன்றாம் மாதம் 225. அபார வளர்ச்சி, நண்பர்கள் கைதட்டுவார்கள். மூன்று மாத லாபம் 20, 30, 45, ஆக மொத்தம் 95. இப்போது பணத்தைப் பாருங்கள். கொள்முதலுக்குக் கொடுத்தது 80, 120, 180, மொத்தம் 380. வசூலானது? முதல் மாத விற்பனைப் பணம் 100 மட்டும், அதுவும் மூன்றாம் மாதத்தில். ஆகப் புத்தகத்தில் 95 லாபம், கையில் 280 பள்ளம். வாடகை, சம்பளம் எதையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

இதைப் பார்த்தவுடன் எல்லாரும் சொல்லும் தீர்வு ஒன்று உண்டு, அதுதான் எனக்கு ரத்தக் கொதிப்பையே வரவழைக்கிறது: "இன்னும் கொஞ்சம் சேல்ஸ் ஏத்திட்டா சரியாயிடும் சார்." ஆகாது. நான்காம் மாதமும் இதே வேகத்தில் விற்பனையை ஏற்றினால் பள்ளம் 400 ஆகும். அதே மாதம் வளர்ச்சியை நிறுத்தி 225-லேயே நின்றால் 310-ஓடு நிற்கும், ஐந்தாம் மாதத்தில் 265 ஆகக் குறையத் தொடங்கும். கடனுக்கு விற்று வேகமாக வளர்கிறவர் தன் வாடிக்கையாளர்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். அந்தக் கடனுக்கான பணத்தை எங்கிருந்தாவது முதலிலேயே கொண்டுவர வேண்டும். நடைமுறை மூலதனம் என்று தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு மறந்தீர்களே, இதுதான் அது.

சின்னத் தொழிலில்தான் இப்படி நடக்கும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் டபிள்யூ.டி. கிராண்ட் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் வைத்திருந்த நிறுவனம், பல ஆண்டுகள் லாபம் காட்டி, பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையும் கொடுத்துவந்தது. வாடிக்கையாளர்களுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்துச் சரக்கைத் தள்ளினார்கள், வசூல்தான் பின்தங்கியது. அன்றாட வியாபாரத்திலிருந்து பணம் உள்ளே வருவதற்குப் பதில் வெளியே போய்க்கொண்டிருந்தது. 1975-இல் திவால். பிரிட்டனின் கரிலியன் என்ற பெரிய கட்டுமான நிறுவனமும் 2016 வரை லாபம் அறிவித்துக்கொண்டே இருந்து, 2018 ஜனவரியில் கையில் சொற்பப் பணத்தோடும் மலையளவு கடனோடும் மூடப்பட்டது. பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று காட்டும் பணப்புழக்க அறிக்கையைக் கணக்கோடு சேர்த்து வெளியிட வேண்டும் என்ற விதி அமெரிக்காவிலேயே 1987-இல்தான் வந்தது. உங்கள் பாடத்தில் அது கடைசி அத்தியாயமாக இருக்கும், பாதிப் பேர் அதைத் தொடுவதே இல்லை.

கடன் விற்பனை மட்டும் இல்லை. 500 கொடுத்து இயந்திரம் வாங்கினால் பணம் அன்றே போய்விடும். ஐந்து ஆண்டுக்குப் பிரித்துத் தேய்மானம் எழுதினால் லாபத்தில் ஆண்டுக்கு 100 மட்டும் குறையும். வங்கிக் கடனில் வட்டிதான் செலவு, அசலைத் திருப்பிக் கட்டுவது லாப நட்டக் கணக்கில் வராது, ஆனால் மாதாமாதம் பணமாகத்தான் போகும். வாடிக்கையாளர் முன்பணம் கொடுத்தால் கதை தலைகீழ்: கையில் பணம் இருக்கும், அது இன்னும் உங்கள் வருமானம் இல்லை. அதை எடுத்துச் செலவழித்துவிட்டு வந்து நிற்பவர்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

அப்புறம் இந்தச் சதவீதக் குளறுபடி. 100-க்கு வாங்கி 25 சதவீதம் ஏற்றி 125-க்கு விற்கிறார்கள். "25 சதவீத லாபம் இருக்கே, 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தாலும் 5 சதவீதம் நிக்கும்" என்கிறார்கள். 125-இல் 20 சதவீதம் என்றால் 25. விலை 100-க்கே வந்துவிட்டது, லாபம் பூஜ்யம். வாங்கிய விலையின் மேல் 25 சதவீதம் என்பது விற்ற விலையில் 20 சதவீதம்தான். ஐந்தாம் வகுப்புக் கணக்கு இது. தள்ளுபடி அறிவிக்கும் முன் ஒரு துண்டுத்தாளில் போட்டுப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

வாய்ப்புச் செலவு, அதாவது இதைச் செய்வதால் நீங்கள் விட்டுக்கொடுக்கும் வேறு வருமானம், அதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்கென்று சம்பளம் எழுதாமல் காட்டும் லாபத்தை நான் லாபமாகவே எடுத்துக்கொள்வதில்லை. வேறு வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் சம்பளத்தைக் கழித்துவிட்டு மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, செய்ய வேண்டியது. தொழில் பணத்தையும் சொந்தப் பணத்தையும் ஒரே வங்கிக் கணக்கில் போடாதீர்கள். வாடிக்கையாளரிடமிருந்து வசூலித்த வரி அரசாங்கத்துப் பணம், அதைத் தொட்டுச் செலவு செய்யாதீர்கள். வரவேண்டிய பாக்கியை 30 நாள், 60 நாள், 90 நாள் தாண்டியவை என்று பிரித்து வாரம் ஒரு முறை பாருங்கள், பார்த்துவிட்டுச் சும்மா இருக்காமல் போன் செய்து கேளுங்கள். உங்கள் பணத்தைக் கேட்க உங்களுக்கு என்ன கூச்சம்? ஆண்டுக்கணக்கில் உழைக்கும் இயந்திரத்தை மூன்று மாதத்தில் திருப்பும் கடனில் வாங்காதீர்கள்.

மாணவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள், திட்டவில்லை. திட்ட அறிக்கை எழுதும்போது சந்தை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒன்றை மாதவாரிப் பணக் கணக்குக்குக் கொடுங்கள். எந்த மாதம் எவ்வளவு கைக்கு வரும், எவ்வளவு போகும், கூட்டிக் கழித்து மாத முடிவில் மிச்சம் எவ்வளவு. அந்த மிச்சக் கட்டத்தில் எது மிக ஆழமான பள்ளமோ, குறைந்தபட்சம் அவ்வளவு பணத்தைத் தொடங்கும்போதே புரட்ட வேண்டும். வசூல் ஒரு மாதம் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று இன்னொரு முறையும் போடுங்கள். அந்தத் தாள் இல்லாமல் எனக்கு அனுப்பினால் படிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.