கீரை விதைக்கும் முன்: வீவக தாழ்வாரம், சமூகத் தோட்டம், வாடகைப் பாத்தி விதிகள்

சிங்கப்பூரில் செடி வளர்க்க விரும்புபவர் முதலில் கேட்க வேண்டியது, மண் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதுதான். வீட்டுக்குள் இருக்கும் தொட்டி உங்களுடையது. கதவைத் தாண்டியதும் வரும் தாழ்வாரத்தையும் புளோக்கைச் சுற்றியுள்ள புல்தரையையும் நகர மன்றம் பராமரிக்கிறது. பொதுப் பூங்காக்களும் சாலையோர மரங்களும் பெரும்பாலும் தேசியப் பூங்காக் கழகத்தின் கையில் இருக்கின்றன. இது தெரியாமல் புளோக்கின் பின்புறம் முருங்கைக் குச்சியை ஊன்றி, மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றி, கடைசியில் அது வெட்டி அகற்றப்படும்போது மனம் நோகும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. முறையாகச் செய்ய வழி இருக்கும்போது அந்த வருத்தம் யாருக்கும் வரத் தேவையில்லை.

முதலில் தாழ்வாரம். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில் வாசலுக்கு வெளியே தொட்டி வைப்பதற்கு முழுத் தடை கிடையாது. ஆனால் தீ விபத்து நேர்ந்தால் மக்கள் தப்பிச் செல்லவும் தூக்குப் படுக்கையுடன் மீட்பாளர் வரவும் 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி எப்போதும் காலியாக இருக்க வேண்டும். ஓர் அளவு நாடாவை எடுத்து, தொட்டியின் விளிம்பிலிருந்து எதிர்ச் சுவர் வரை அளந்து பாருங்கள். செடியின் கிளைகள் பரவும் இடத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும். தீயணைப்புக் குழாய், தண்ணீர் மீட்டர் ஆகியவற்றின் முன்னால் எதையும் வைக்கக்கூடாது. கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைப்பது மிகவும் ஆபத்து. பத்தாவது மாடியிலிருந்து ஒரு மண்தொட்டி விழுந்தால் கீழே நடப்பவர் பிழைக்க மாட்டார். வெயில் அங்கேதான் நன்றாக விழுகிறது என்பது உண்மைதான், இருந்தாலும் வேண்டாம்.

வெயிலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருடைய கீரை தேறாமல் போவதற்கு இதுதான் காரணம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வெகு அருகில் இருப்பதால் சூரியன் ஆண்டின் ஒரு பாதியில் வடக்கே சாய்ந்தும் மறு பாதியில் தெற்கே சாய்ந்தும் செல்கிறது. வடக்கு பார்த்த தாழ்வாரத்துக்கு ஜூன் மாத வாக்கில் வெயில் கிடைக்கும். டிசம்பரில் அதே இடம் நிழலாகிவிடும். தெற்கு பார்த்த வீட்டுக்கு இது நேர்மாறு. வெண்டையும் கத்தரியும் நேரடி வெயில் இல்லாவிட்டால் பூக்கவே தயங்கும். நிழல் அதிகமான இடமென்றால் புதினா, கற்பூரவல்லி, பொன்னாங்கண்ணி போன்றவற்றோடு நிறைவடைவது நல்லது.

கொசு விதியில் யாருக்கும் சலுகை இல்லை. முட்டையிலிருந்து கொசுவாவதற்கு ஒரு வாரம் போதும். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் வந்து பார்க்கும்போது தொட்டித் தட்டில் கொசுப்புழு இருந்தால் வீட்டுக்காரருக்கு 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் விதிக்கப்படலாம். திரும்பத் திரும்ப நடந்தால் தண்டனை கூடும். தட்டில் தேங்கும் நீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொட்டிவிடுங்கள். மேல்மண் இறுகிப்போனால் அதன் மேலேயே நீர் தேங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவ்வப்போது கிளறிவிட வேண்டும்.

வீட்டில் இடம் போதவில்லை, பூங்காவில் சொந்தமாக ஒரு பாத்தி வேண்டும் என்பவர்களுக்குத் தேசியப் பூங்காக் கழகம் வாடகைப் பாத்திகளைக் கொடுக்கிறது. 2016இல் ஹார்ட்பார்க் பூங்காவில் சோதனையாகத் தொடங்கிய இந்தத் திட்டம், பொங்கோல் பூங்கா, பீஷான் - அங் மோ கியோ பூங்கா எனப் பல இடங்களுக்குப் பரவியிருக்கிறது. ஒரு பாத்தி 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். தரையிலிருந்து உயர்த்திக் கட்டப்பட்டு, மண்ணும் நிரப்பித் தரப்படும். கட்டணம் ஆண்டுக்கு 57 வெள்ளி. 9 விழுக்காடு பொருள் சேவை வரியைச் சேர்த்தால் 62.13 வெள்ளி. குத்தகைக் காலம் 3 ஆண்டுகள். புதிய பாத்திகள் திறக்கப்படும்போது கழகத்தின் இணையத்தளத்தில் அறிவிப்பு வரும். விண்ணப்பிப்பவர்கள் அதிகம் என்பதால் குலுக்கல் முறையில்தான் பாத்தி கிடைக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு பாத்திதான்.

இரண்டரைச் சதுர மீட்டரில் என்ன வரும்? முளைக்கீரையும் தண்டங்கீரையும் விதைத்த மூன்று நான்கு வாரங்களில் பறிக்கத் தயாராகிவிடும். கங்கோங் கீரை வெட்ட வெட்டத் தளிர்க்கும். நடுவில் நான்கைந்து வெண்டை, ஓரத்தில் பந்தல் கட்டிப் புடலையோ அவரையோ விடலாம், பக்கத்துப் பாத்தியில் நிழல் விழாமல் பார்த்துக்கொண்டால். முருங்கைக்கும் வாழைக்கும் இது இடமில்லை. பாத்தி வீட்டுக்கு அருகில் உள்ள பூங்காவில் கிடைத்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. ரயில் மாறிப் போக வேண்டிய இடமென்றால் முதல் மாத ஆர்வம் வடிந்ததும் களை மண்டிவிடும். காத்திருக்கும் இன்னொருவருக்கு அந்த மண் பயன்பட்டிருக்கும்.

மூன்றாவது வழியான சமூகத் தோட்டத்தைத்தான் நம் குடும்பங்கள் இன்னும் அதிகமாகப் பயன்படுத்த வேண்டும் என்று நினைக்கிறேன். தேசியப் பூங்காக் கழகத்தின் ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டம் 2005இல் தொடங்கியது; முதல் தோட்டம் மேஃபேர் பார்க் குடியிருப்பில் அமைந்தது. இன்று வீவக பேட்டைகள், தனியார் குடியிருப்புகள், பள்ளிகள், மருத்துவமனைகள் என நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் இருக்கின்றன. இங்கே குலுக்கல் கிடையாது. உங்கள் பேட்டையில் ஏற்கெனவே தோட்டம் இருந்தால், காலையிலோ மாலையிலோ அங்கே வேலை செய்துகொண்டிருப்பவரிடம் போய்ப் பேசுவதுதான் விண்ணப்பம் போல. அவர் குழுத் தலைவரைக் காட்டுவார். சில தோட்டங்களில் ஆளுக்கொரு பாத்தி ஒதுக்குவார்கள்; சிலவற்றில் எல்லாரும் சேர்ந்து பயிரிட்டு விளைச்சலைப் பகிர்ந்துகொள்வார்கள். எது என்பதைச் சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பெரும்பாலான மனத்தாங்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பேட்டையில் தோட்டமே இல்லையா? அப்படியானால் தொடங்கலாம். தனி ஒருவராகப் போகாமல், தொடர்ந்து உழைக்கத் தயாரான சில குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு வசிப்போர் கட்டமைப்பை (முன்பு வசிப்போர் குழு) அணுகுங்கள். அவர்கள் வழியாக நகர மன்றத்திடம் இடத்துக்கு அனுமதி கேட்கப்படும். தண்ணீர்க் குழாய் அருகில் இருக்கிறதா, பகலில் எவ்வளவு நேரம் வெயில் விழுகிறது, வடிகால் எப்படி என்பதைப் பார்த்துவிட்டு இடத்தைப் பரிந்துரைத்தால் பேச்சு எளிதாகும். தோட்ட அமைப்பு, செடித் தேர்வு ஆகியவற்றில் பூங்காக் கழக அதிகாரிகள் ஆலோசனை தருவார்கள். அவர்கள் வந்து பயிரிட்டுக் கொடுக்க மாட்டார்கள். விடுமுறை நாள்களில் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதுவரை குழுவே முடிவு செய்ய வேண்டும். தீபாவளிக்கு நாம் ஊருக்குப் போகும்போது சீன, மலாய் அண்டைவீட்டார் பார்த்துக்கொள்வதும், சீனப் புத்தாண்டுக்கு நாம் பார்த்துக்கொள்வதும் என்று பேசி வைத்துக்கொண்டால் எந்தப் பாத்தியும் வாடாது.

ஊரில் வயல் பார்த்து வளர்ந்து இங்கே பேரப்பிள்ளைகளுடன் இருக்கும் அம்மா, அப்பாவுக்கு இது பெரிய துணை. அவர்களுக்குத் தெரிந்த பசலை, சுக்காங்கீரை, அகத்தி பற்றி அண்டைவீட்டார் ஆவலோடு கேட்பார்கள். மொழி வராதே என்று தயங்கினால் முதல் சில நாள்கள் நீங்களும் கூடப் போங்கள்.

நாட்டின் உணவுத் தேவையில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதிதான். 2030க்குள் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே விளைவிக்கும் இலக்கு 2025 நவம்பரில் மாற்றப்பட்டு, 2035க்குள் நார்ச்சத்து உணவில் (காய்கறி, காளான் போன்றவை) 20 விழுக்காடும் புரத உணவில் (முட்டை, மீன் போன்றவை) 30 விழுக்காடும் என்று ஆகியிருக்கிறது. இவை முக்கியமாகப் பண்ணைகளுக்கான கணக்கு. குடும்பங்களை ஊக்குவிப்பதற்காக 2020இல் பூங்காக் கழகம் லட்சக்கணக்கான வீடுகளுக்கு விதைப் பொட்டலங்களை இலவசமாக அனுப்பியது.

இன்னும் இரண்டு விஷயங்களில் நம்மவர்கள் அறியாமல் மாட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. சாலையோரத்திலும் அரசு நிலத்திலும் உள்ள மா, பலா, நெல்லி மரங்களின் காய்களை அனுமதியின்றிப் பறிப்பது குற்றம். கீழே விழுந்து கிடப்பதும் அரசுக்கே சொந்தம். அடுத்தது, ஊருக்குப் போய்த் திரும்பும்போது வேரோடும் மண்ணோடும் கறிவேப்பிலைக் கன்றையோ மல்லிகைப் பதியனையோ பெட்டியில் வைத்து எடுத்து வருவது. இந்தியாவிலிருந்து உயிருள்ள செடி கொண்டுவரப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டு அரசு தரும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். செடியோடு வரும் பூச்சியும் நோயும் இங்குள்ள பயிர்களைத் தாக்கும் என்பதால் இதில் கண்டிப்பு அதிகம். கறிவேப்பிலைக் கன்று இங்கேயே நாற்றங்கால் கடைகளில் கிடைக்கிறது. சமூகத் தோட்டத்தில் வளர்ந்த மரம் இருந்தால் அதனடியில் முளைக்கும் கன்றுகளில் ஒன்றைக் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள்.