பிக்கப்பின் துள்ளலை அடக்கும் ஒயில்

பருத்தித்துறையிலிருந்து மீன் ஏற்றி வரும் சித்தப்பாவின் பிக்கப்பில் சில மாதங்களாகவே ஒரு ஆட்டம். வேகத்தடையில் ஏறி இறங்கினால் ஒரு குலுக்கலோடு அடங்க வேண்டிய வண்டி, மூன்று நான்கு தடவை தலையாட்டிவிட்டுத்தான் அடங்கும். "ஸ்பிரிங் செத்துப் போச்சுது" என்றார் அவர். குனிந்து பார்த்தேன். ஸ்பிரிங் பட்டைகளில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. பக்கத்தில் சாய்ந்து நின்ற ஷொக் அப்சோபரின் உடம்பு முழுக்க ஒயில் வழிந்து, அதன்மேல் செம்மண் புழுதி அப்பிக் கிடந்தது.

ஷொக் அப்சோபர் என்ற பெயரை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பள்ளம் திட்டியின் அடியை வாங்குவது ஸ்பிரிங். பாரத்தைச் சுமப்பதும் அதுதான். பின் ஷொக் இரண்டையும் கழற்றி எறிந்தாலும் பிக்கப் கண்ணுக்குத் தெரியும்படி தாழாது. ஆனால் ஸ்பிரிங்குக்கு வாங்கியதை வைத்திருக்கத் தெரியாது. அமுங்கும்போது சேர்த்த சக்தியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். ஒரு தடவை தள்ளிவிட்ட ஊஞ்சல் போல வண்டியின் உடல் விநாடிக்கு ஒன்று, இரண்டு தடவை மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். இந்தச் சக்தியை எங்கேயாவது தொலைத்தாக வேண்டும். ஷொக் அதை வெப்பமாக்கித் தொலைக்கிறது.

உள்ளே இருப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு குழாய் நிறைய ஒயில், அதற்குள் சிறு துளைகள் உள்ள ஒரு பிஸ்டன். மருந்தேற்றும் சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி மெல்லத் தள்ளிப் பாருங்கள், சுலபமாகப் போகும். வேகமாகத் தள்ளினால் விரல் நோகும். ஷொக்கும் அப்படித்தான்: எவ்வளவு வேகமாக அசைக்கிறோமோ அவ்வளவு முரண்டு பிடிக்கும். அந்த முரண்டு அளவு மீறாமல் இருக்கத் துளைகளை மெல்லிய உருக்குத் தகடுகளால் மூடியிருப்பார்கள். அழுத்தம் ஏறினால் தகடு வளைந்து ஒயிலுக்கு வழி விடும். பெரும்பாலான ஷொக்குகள் அமுங்கும்போது இலகுவாகவும் நீளும்போது இறுக்கமாகவும் இருக்கும். திட்டியில் ஏறும் சில்லு தடையில்லாமல் மேலே போக வேண்டும், இல்லாவிட்டால் அடி நேரே உடலுக்கு வந்துவிடும். திருப்பித் தள்ளும் ஸ்பிரிங்கைத்தான் பிடித்து நிறுத்த வேண்டும்.

'காஸ் ஷொக்' என்று கடையில் கேட்டு வாங்குபவர்களில் பலர், உள்ளே ஒயிலுக்குப் பதில் காஸ் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். அதிலும் வேலை செய்வது ஒயில்தான். கரடுமுரடான ஒழுங்கையில் நெடுநேரம் ஓடினால் சாதாரண ஷொக்கின் ஒயில் காற்றோடு கலந்து நுரைத்துவிடும். நுரை துளைகளில் சுலபமாக வழுக்கிப் போவதால் தடை குறைந்துவிடும். அழுத்தத்தில் அடைத்த நைதரசன் அந்த நுரையைக் கட்டுப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்து எதிரி உப்பு. கடற்காற்றும் மீன் பெட்டியிலிருந்து வடியும் தண்ணீரும் ஷொக்கின் பளபளப்பான தண்டில் துருப் புள்ளிகளை உண்டாக்கும். அந்தப் புள்ளிகள் ஏறி இறங்கும்போது, ஒயில் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் சீல் வளையத்தை அரம் போல அராவும். பிறகு ஒயில் கசியும். எல்லாம் மெல்ல மெல்ல நடப்பதால் தினமும் ஓட்டுபவருக்கு இது தெரியவே தெரியாது. என்றாவது ஒருநாள் வண்டியை வாங்கி ஓட்டும் மருமகனுக்குத்தான் தெரியும்!

உடல் ஆடுவதைவிட எனக்குப் பயமாக இருப்பது சில்லின் துள்ளல். ரயரும் ஒரு ஸ்பிரிங்தான். ரயருக்கும் பட்டைகளுக்கும் நடுவில் அகப்பட்ட அச்சு, விநாடிக்கு 10 முதல் 15 தடவை துள்ளக்கூடியது. 60 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி விநாடிக்கு ஏறக்குறைய 17 மீற்றர் ஓடும். 12 தடவை துள்ளினால் 1.4 மீற்றருக்கு ஒரு துள்ளல். ரயர் ரோட்டை விட்டு எழும்பியிருக்கும் நேரத்தில் பிறேக்கை மிதித்து என்ன பயன்? ரயரைக் கையால் தடவும்போது ஆங்காங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷொக்கைச் சந்தேகிக்கலாம்.

சித்தப்பா ஒன்றை மட்டும் மாற்றப் பார்த்தார். "ரெண்டையும் சேர்த்து மாத்துங்கோ அண்ணை, இல்லாட்டி ஒரு பக்கம் ஆடும், மற்றப் பக்கம் ஆடாது" என்றார் கராஜ்காரர். சரிதான். துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாள் இரவே ஒயில் விட்டு வைத்தார். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, தொங்கிவிடாதபடி அச்சுக்கும் முட்டுக் கொடுத்தார். படுக்கையாகக் கிடந்த புது ஷொக்கில் பிஸ்டன் ஓடும் உள்குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று, அதை நிமிர்த்திப் பிடித்துப் பலமுறை இழுத்து அமுக்கினார்.

கடைசியில் அவர் செய்ததைப் பலர் செய்வதில்லை. ஷொக்கின் முனைகளை வண்டியோடு இணைக்கும் ரப்பர் புஷ்களின் நட்டுகளைத் தளர்வாக விட்டு, சில்லுகளில் பாரம் இறங்கிய பிறகே இறுக்கினார். புஷ்ஷின் ரப்பர் சுழலாது, முறுகத்தான் செய்யும். அச்சு தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி சும்மா நிற்கும்போதும் ரப்பர் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

மறுநாள் மீன் இறக்கிவிட்டு வந்த சித்தப்பா ஷொக்கில் கை வைத்தார், சட்டென்று எடுத்தார். "சுடுதடா, புதுசு பழுதோ?" பழையதில் ஒருநாளும் சூட்டைக் காணவில்லையாம்.