'யூனிஃபைடு ஸ்போர்ட்ஸ்': தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் சேர்ந்து பயிற்சி எடுத்து, ஒரே சீருடை போட்டுக்கொண்டு போட்டியிலும் சேர்ந்தே ஆடுவதற்கு 'யூனிஃபைடு ஸ்போர்ட்ஸ்' என்று பெயர். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு விளையாட்டுப் பயிற்சியும் போட்டிகளும் நடத்தும் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அமைப்பு புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் இது. தமிழில் சிலர் 'ஒருங்கிணைந்த விளையாட்டு' என்கிறார்கள், சிலர் 'உள்ளடக்கிய விளையாட்டு' என்கிறார்கள். செய்திகளிலோ பல நேரம் 'சிறப்புக் குழந்தைகளுக்கான விளையாட்டு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். கடைசியாகச் சொன்னது பிழை. அணியில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்தக் குறைபாடு இல்லாத மாணவர்கள் என்ற செய்தியே அதில் காணாமல் போகிறது.

முதலில் இந்த அறிவுசார் குறைபாடு என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். கற்பது, யோசிப்பது, புதிய சூழலைச் சமாளிப்பது ஆகியவற்றிலும், பணத்தைக் கையாள்வது, நேரம் பார்ப்பது போன்ற அன்றாடத் திறன்களிலும் குறிப்பிடத்தக்க சிரமம் இருக்கும். வளரும் பருவத்திலேயே அது வெளிப்பட்டிருக்கும். மனநோய் என்பது இதிலிருந்து முற்றிலும் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது நம் ஊரில் இன்னும் ஓயவில்லை. பழைய அரசுக் கோப்புகளில் 'மனவளர்ச்சி குன்றியோர்' என்று இருந்தது. இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் பயன்படுத்திய 'மென்டல் ரிடார்டேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவம் அது. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அந்தச் சொல்லையே கைவிட்டது. அமெரிக்காவிலும் 2010இல் 'ரோசா சட்டம்' என்ற பெயரில் கூட்டாட்சிச் சட்டங்களில் அந்தப் பழைய சொல்லை நீக்கினார்கள். தமிழில் இப்போது 'அறிவுசார் குறைபாடு', 'அறிவுத்திறன் குறைபாடு' இரண்டும் வழங்குகின்றன. இரண்டுமே சரி.

இனி 'யூனிஃபைடு' பிறந்த கதை. அமெரிக்க அதிபராக இருந்த ஜான் எஃப். கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர். இவர்களின் சகோதரி ரோஸ்மேரிக்கு அறிவுசார் குறைபாடு இருந்தது. அப்படிப்பட்ட பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயோ காப்பகத்திலோ வைத்துவிடுவது சாதாரணமாக இருந்த காலம் அது. 1962இல் மேரிலாந்திலுள்ள தன் வீட்டுத் தோட்டத்திலேயே யூனிஸ் ஒரு கோடைக்கால முகாமைத் தொடங்கினார். நீச்சல், குதிரையேற்றம், பந்து விளையாட்டு எல்லாம் அங்கே நடந்தன. வந்த பிள்ளைகளோடு விளையாடப் பள்ளிப் பருவத்துத் தன்னார்வலர்களை அழைத்துக்கொண்டார். குறைபாடு உள்ள பிள்ளையும் இல்லாத பிள்ளையும் சேர்ந்து விளையாடுவதற்கான விதை அந்தத் தோட்டத்திலேயே விழுந்துவிட்டது. ஆனால் அது முளைக்கக் கால் நூற்றாண்டு ஆனது.

1968 ஜூலை 20 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு அரங்கில் யூனிஸின் முயற்சியால் முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் போட்டிகள் நடந்தன. ஏறக்குறைய ஆயிரம் பேர் கலந்துகொண்டார்கள். அதன் பிறகு இருபது ஆண்டுகள் போல, களத்தில் ஆடுபவர்கள் ஒரு வகை, கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டுபவர்களும் தண்ணீர் கொடுப்பவர்களும் இன்னொரு வகை என்றுதான் இருந்தது. 1980களின் பிற்பகுதியில்தான் கோட்டுக்கு வெளியே நின்றவர்களையும் உள்ளே அழைத்து ஒரே அணியாக்கும் முறை வந்தது. அந்த முறைக்கு வைத்த பெயர்தான் யூனிஃபைடு ஸ்போர்ட்ஸ். 2008இல் அமெரிக்கக் கல்வித் துறையின் நிதியோடு அது பள்ளிகளுக்குள் ஒரு திட்டமாகவே நுழைந்தது. இன்று அதற்கு 'யூனிஃபைடு சாம்பியன் ஸ்கூல்ஸ்' என்று பெயர். சேர்ந்து ஆடும் அணி, இரு தரப்பு மாணவர்களும் சேர்ந்து பொறுப்பெடுக்கும் மாணவர் குழு, மொத்தப் பள்ளியும் பங்கெடுக்கும் நிகழ்ச்சிகள் என்று மூன்று பகுதிகள் அதில் உண்டு.

இந்தச் சொல்லின் உயிர் விதிமுறையில் இருக்கிறது. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் வழக்கில், அறிவுசார் குறைபாடு உள்ள ஆட்டக்காரர் 'அத்லெட்'. குறைபாடு இல்லாதவர் 'பார்ட்னர்'. கூடைப்பந்தில் களத்தில் நிற்கும் ஐந்து பேரில் மூவர் அத்லெட், இருவர் பார்ட்னர். பார்ட்னர் எண்ணிக்கை எந்த நேரத்திலும் இரண்டைத் தாண்டக் கூடாது. கைப்பந்தில் மூன்றுக்கு மூன்று. எழுவர் கால்பந்தில் நான்குக்கு மூன்று. பேட்மின்டன் இரட்டையர் என்றால் ஒருவர் அத்லெட், ஒருவர் பார்ட்னர். வயதும் ஆட்டத் திறனும் ஓரளவு பொருந்திப் போகிறவர்களாகப் பார்த்துத்தான் போட்டி அணியைச் சேர்க்க வேண்டும்.

எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது. அணியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஆட்டத்தில் உண்மையான வேலை இருக்க வேண்டும் என்று இன்னொரு நிபந்தனை உண்டு. ஒரே ஆள் ஆட்டம் முழுவதையும் கையில் எடுத்துக்கொள்ளக் கூடாது. கூடைப்பந்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். உயரமான ஒரு பார்ட்னர் பந்தைப் பிடிக்கிறான். நேராக ஓடிப்போய்க் கூடையில் போட அவனால் முடியும். பந்தை மூலையில் நிற்கும் பெண்ணுக்குக் கொடுக்கிறான். அவளுக்குக் காலை ஊன்றி, பந்தை நெஞ்சுக்குக் கொண்டுவந்து, நிமிர்ந்து பார்க்கச் சில விநாடிகள் வேண்டும். அந்தச் சில விநாடிகளுக்கு எதிரணிக்காரன் நெருங்காதபடி இவன் குறுக்கே நிற்கிறான். அவள் வீசுகிறாள். எதிரணி விட்டுக்கொடுப்பதில்லை, பந்து உள்ளே போகாவிட்டால் புள்ளியும் கிடையாது. அவன் செய்ததும் நல்ல கூடைப்பந்துதான். எந்த அணியிலும் நல்ல ஆட்டக்காரன் அதைத்தான் செய்வான்.

நம் தெருவில் இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கம் உண்டு. அதற்குப் பெயரும் உண்டு. ஒப்புக்குச் சப்பாணி. பேச்சில் 'உப்புக்குச் சப்பாணி' என்றும் வரும். சின்னப் பிள்ளை, ஓட முடியாத பிள்ளை, 'நானும் வரேன்' என்று அழுதால் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அதைத் தொட்டாலும் அவுட் கிடையாது, அது தொட்டாலும் கணக்கில்லை. ஒப்புக்கு என்றால் பேருக்கு. சப்பாணி என்றால் காலால் நடக்க முடியாமல் தவழ்ந்து போகிறவர். ஆக, கணக்கில் வராத ஆட்டக்காரனைச் சொல்ல நாம் தேர்ந்தெடுத்ததே ஓர் உடற்குறையின் பெயரைத்தான். (பிள்ளைத்தமிழில் வரும் சப்பாணிப் பருவம் இதுவல்ல. அது குழந்தை இரு கையையும் சேர்த்துக் கொட்டுவது.) அந்த வழக்கத்தில் அன்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். அழும் பிள்ளையைத் திருப்பி அனுப்பாமல் சேர்த்துக்கொள்வதும் ஒரு நல்ல மனசுதான். ஆனால் பத்தாவது படிக்கும் பையனையும் அப்படியே வைத்திருப்பது கொடுமை. பி.டி. பீரியடில் எல்லோரும் ஓட, ஒருவன் மட்டும் மற்றவர்களின் பைக்கும் செருப்புக்கும் காவலாக மரத்தடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். யூனிஃபைடு ஸ்போர்ட்ஸ் ஒழிக்க நினைப்பது இந்த ஒப்புக்கு என்பதைத்தான். அங்கே அவன் தொட்டால் அவுட், அவனைத் தொட்டாலும் அவுட். அவன் தவறவிட்டால் அணி தோற்கலாம், அவன் போட்டால் அணி ஜெயிக்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு தமிழ்ச் சொல்லைத் தேடுவோம்.

'யூனிஃபை' லத்தீன் வழி வந்த சொல். 'ஊனுஸ்' என்றால் ஒன்று, 'ஃபாகெரே' என்றால் செய்தல். ஒன்றாக்குதல் என்பது நேர்ப்பொருள். அகராதியைப் பார்த்தால் 'ஒருங்கிணைந்த' என்பது பொருந்தும்தான். ஆனால் தமிழ்நாட்டில் அந்தச் சொல் ஏற்கெனவே பல வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகம் என்றால் பல அலுவலகங்கள் ஒரே இடத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான். பள்ளிக் கல்வியில் சிக்கல் இன்னும் அதிகம். 1974இல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்துக்கு ஊனமுற்ற குழந்தைகளுக்கான ஒருங்கிணைந்த கல்வி என்று பெயர். குழந்தையைப் பொதுப் பள்ளியில் சேர்ப்பது அதன் நோக்கம். பள்ளி தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அப்போது வலுப்பெறவில்லை. இன்றைய 'சமக்ர சிக்ஷா' திட்டத்தையும் தமிழில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி என்றுதான் அழைக்கிறோம். இத்தனைக்கும் நடுவில் 'ஒருங்கிணைந்த விளையாட்டு' என்று அறிவிப்புப் பலகையில் எழுதினால், பல விளையாட்டுகளைச் சேர்த்து நடத்துகிறார்கள் என்றே ஒரு பெற்றோர் நினைப்பார்.

'உள்ளடக்கிய' என்பது 'இன்க்ளூசிவ்' என்பதற்கு நிலைத்துவிட்ட சொல். உள்ளடக்கிய கல்வி என்று தாராளமாகச் சொல்கிறோம். இலங்கையில் உட்படுத்தல் கல்வி என்பார்கள். கொள்கையின் பெயராக இரண்டும் இருக்கட்டும். ஆனால் உள்ளடக்குவதற்கு ஒருவர் வேண்டும், உள்ளடங்குவதற்கு இன்னொருவர் வேண்டும். வீட்டுக்காரர் யார், விருந்தாளி யார் என்பது சொல்லிலேயே முடிவாகிவிடுகிறது. ஆங்கில மூலமும் அப்படித்தான். லத்தீனில் 'இன்க்ளூடெரே' என்றால் உள்ளே வைத்து அடைத்தல். ஒரு களத்தில் மூவரும் இருவருமாக நிற்கும்போது யாரும் யாரையும் உள்ளடக்கவில்லை. தவிர, உள்ளடக்கிய விளையாட்டு என்பது பெரிய குடை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்காக விதியைத் தளர்த்துவதும் அதில் வரும், பார்வையற்றோருக்கு ஒலி எழுப்பும் பந்து வாங்குவதும் வரும். யூனிஃபைடு அதற்குள் ஒரு குறிப்பிட்ட முறை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் பிரித்துச் சொல்ல வழியில்லாமல் போகும்.

'கூட்டு விளையாட்டு' சரிவராது. கபடியும் கூட்டு விளையாட்டுதானே என்று கேட்பார்கள். 'இணையாட்டம்' அழகாக இருக்கிறது, எனக்கும் ஆசைதான். ஆனால் இன்றைய பிள்ளைகள் அதை இணையத்தில் ஆடும் ஆட்டம் என்றே படிப்பார்கள்.

என் பரிந்துரை 'இணைந்தாடும் விளையாட்டு'. இணை என்ற வேருக்குச் சேர்தல் என்றும் பொருள் உண்டு, சமம் என்றும் பொருள் உண்டு. ஈடு இணையில்லாத என்கிறோமே, அந்த இணை. இணைந்தாடும் கூடைப்பந்து, இணைந்தாடும் அணி, இணைந்தாடும் தொடர் ஓட்டம் என்று எந்த ஆட்டத்தின் முன்னாலும் வைக்கலாம், நாக்கு இடறாது. கேட்ட உடனே 'யாரும் யாரும் இணைந்து?' என்ற கேள்வி வரும். வரட்டும், வர வேண்டிய கேள்விதான் அது.

'பார்ட்னர்' என்பதற்கு என்ன சொல்வது என்பதில்தான் நான் அதிகம் பிடிவாதம் பிடிப்பேன். பலர் 'துணை வீரர்' என்றோ 'உதவி வீரர்' என்றோ எழுதிவிடுகிறார்கள். அலுவலகத்தில் வேலை பார்க்கும் எவருக்கும் இணை இயக்குநருக்கும் துணை இயக்குநருக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். துணை என்று எழுதிய கணமே, குறைபாடு இல்லாத மாணவர் உதவிக்கு வந்தவர் ஆகிவிடுகிறார், மற்றவர் உதவி பெறுபவர் ஆகிவிடுகிறார். பார்ட்னர் உதவிக்கு வரவில்லை, ஆட வந்திருக்கிறார். அவருக்கும் வியர்க்கும், அவருக்கும் பதக்கம் உண்டு. ஆகவே இணை வீரர், இணை வீராங்கனை. அத்லெட்டை வெறுமனே வீரர், வீராங்கனை என்றால் போதும். 'சிறப்பு வீரர்' என்று அடைமொழி சேர்ப்பது எனக்கு உவப்பில்லை. திறன் வளர்ப்புக்கென்றே உள்ள இன்னொரு வகை அணியில் இணை வீரர் கற்றுக்கொடுப்பவராகவும் இருப்பார் என்பது உண்மைதான். அங்கேயும் அவர் ஆடும் அணிக்காரர்தான், அதனால் பெயரை மாற்றத் தேவையில்லை.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் வேறு, பாராலிம்பிக்ஸ் வேறு. பாராலிம்பிக்ஸ் பெரும்பாலும் உடல், பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் உயர்மட்டப் போட்டி. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு அதில் சில போட்டிகளே உண்டு. 2000 சிட்னியில் ஸ்பெயின் கூடைப்பந்து அணி குறைபாடு இல்லாதவர்களை ஏமாற்றிச் சேர்த்தது அம்பலமான பிறகு, 2012 லண்டன் வரை அதுவும் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே உள்ளது. 2023 ஜூனில் பெர்லினில் நடந்த அதன் உலகப் போட்டிகளில் இந்திய அணி 202 பதக்கங்கள் வென்றது. இணைந்தாடும் போட்டிகளும் அங்கே நடந்தன. செய்திகளில் 'சிறப்பு ஒலிம்பிக்' என்று வருவது இதுதான். இலங்கையில் 'விசேட ஒலிம்பிக்'.

நம் பள்ளிகளில் இதற்குச் சட்டத்தின் பிடிமானம் உண்டு. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, கல்வி நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்து, படிப்போடு விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளையும் மற்றவர்களுக்குச் சமமாகத் தர வேண்டும் என்கிறது. நடைமுறையில் உலக மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3ஐ ஒட்டி மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கென்று தனியாகப் போட்டிகள் நடக்கின்றன. முதலமைச்சர் கோப்பையிலும் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. இரண்டும் வேண்டும், இரண்டும் தொடரட்டும். அவற்றோடு பள்ளி அளவில் ஒரு கைப்பந்து அணியாவது மூன்றுக்கு மூன்று என்று ஆட வேண்டும். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரும் உடற்கல்வி ஆசிரியரும் உட்கார்ந்து பேசினாலே தொடங்கிவிடலாம். புதிதாக மைதானமோ வலையோ தேவையில்லை.

அப்படித் தொடங்கும் பள்ளி, ஆண்டு விழா அழைப்பிதழில் இப்படிப் போடலாம்: "மாலை 4 மணிக்கு இணைந்தாடும் கைப்பந்து. ஒன்பதாம் வகுப்பு அணியும் பத்தாம் வகுப்பு அணியும் மோதுகின்றன." சான்றிதழில் வீரர் பெயரும் இணை வீரர் பெயரும் ஒரே அளவு எழுத்தில், அகர வரிசையில் இருக்கட்டும். ஆட்டம் முடிந்து செய்திக்கு எழுதும்போது யார் யாருக்கு உதவினார்கள் என்பதை விட்டுவிட்டு, எத்தனைக்கு எத்தனை என்று புள்ளிக் கணக்கை முதல் வரியிலேயே கொடுங்கள்.