பவழமல்லி விடியுமுன் ஏன் உதிர்கிறது?

மூன்று ஆண்டுகளுக்கு முன் வீட்டு முன்புறத்தில் நட்ட பவழமல்லி இந்த ஆவணியில்தான் பூக்கத் தொடங்கியது என்றும், மாலையில் மலரும் பூவெல்லாம் மறுநாள் கோலம் போட வாசலுக்கு வருவதற்குள் தரையில் கிடக்கின்றன என்றும் சேலம் கன்னங்குறிச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாமரத்துக்கு அடிக்கும் பூ உதிர்வு மருந்தைத் தெளிக்கும்படி உரக்கடையில் சொன்னார்களாம். தெளிக்கலாமா என்பது அவருடைய கேள்வி.

தேவையில்லை. உங்கள் மரம் நலமாக இருக்கிறது.

வறண்ட பாறைச் சரிவுகளிலும் தானாக வளரக்கூடிய மரம் இது. சேர்வராயன் மலையடிவாரச் செம்மண் இதற்குப் போதும். நல்ல வெயில் படவேண்டும், வேரில் நீர் தேங்கக்கூடாது. கிளை நுனிகளில்தான் பூங்கொத்து வரும் என்பதால், பூக்காலம் முடிந்தபின் கவாத்து செய்தால் புதுத் துளிர்கள் பெருகும், மரமும் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும். கோடையில் இலை கொட்டினால் கவலைப்பட வேண்டாம். வளர்ப்பைப் பற்றி இவ்வளவு போதும். எனக்குச் சுவையாக இருப்பது அந்த உதிர்வுதான்.

விழுந்த பூ ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஐந்து முதல் எட்டு வரை வெள்ளை இதழ்கள் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அவை செம்மஞ்சள் நிறக் குழல் ஒன்றின் விளிம்பில் விரிந்த மடல்கள். மகரந்தக் கேசரங்கள் இரண்டும் அந்தக் குழலின் உட்சுவரில் ஒட்டியிருப்பதால், குழல் கழன்றால் அவையும் சேர்ந்தே கழன்றுவிடுகின்றன. கிளையில் எஞ்சுவது பச்சைப் புல்லிவட்டமும் அதனுள் இருக்கும் சூலகமும். இரவில் வரும் அந்துப்பூச்சிகளுக்காக வெண்மையும் மணமும் காட்டி நின்ற பகுதி, விடியும்போது வேலை முடிந்து இறங்கிவிடுகிறது.

அது பிய்ந்து விழுவதில்லை, அவிழ்ந்து விழுகிறது. பூக்குழலின் அடியில் மிகச் சிறிய செல்களாலான மெல்லிய உதிர்வுப் படலம் ஒன்று உண்டு. செல்லோடு செல்லை ஒட்டவைத்திருக்கும் பசை பெக்டின். கொய்யாப்பழ ஜெல்லியை இறுகச் செய்வதும் அதுவே. உதிர்வதற்கான ஆணை வந்ததும் இந்தப் படலத்தின் செல்கள் பெக்டினேஸ், செல்லுலேஸ் போன்ற நொதிகளைச் சுரந்து அந்தப் பசையைக் கரைக்கின்றன. செங்கல் ஒன்றையும் உடைக்காமல் இடையிலுள்ள சாந்தை மட்டும் கரைத்துச் சுவரைப் பிரிப்பது போன்ற வேலை இது. பிறகு பூவின் சொந்த எடையே போதும். மெல்லிய காற்றுகூட வேண்டியதில்லை.

ஆணையைத் தருவது யார்? பொதுவாகத் தாவரங்களில் இரண்டு ஹார்மோன்களுக்கிடையிலான இழுபறி இதைத் தீர்மானிக்கிறது. இளமையான உறுப்பிலிருந்து ஆக்சின் ஓடிவந்துகொண்டிருக்கும்வரை உதிர்வுப் படலம் அசைவதில்லை. அந்த ஓட்டம் குறைந்ததும் எத்திலீன் என்ற வாயுவின் குரல் அதற்குக் கேட்கத் தொடங்குகிறது. இந்த வாயு சேலத்துக்காரர்களுக்குப் புதிதன்று. வைக்கோலில் மூடிவைத்த மாங்காய்களுள் ஒன்று பழுத்தால் மற்றவையும் வேகமாகப் பழுப்பது எத்திலீனால்தான். தடைசெய்யப்பட்ட கார்பைடு கல் வெளியிடும் அசிட்டிலீன் இதைப் போல நடிக்கும் வாயு. செடியின் வளர்ச்சியை எத்திலீன் மாற்றுகிறது என்பதை 1901இல் ரஷ்யாவின் நெல்யூபோவ் கண்டறிந்தார்; தெருவிளக்குக்கான வாயு கலந்த ஆய்வுக்கூடக் காற்றில் பட்டாணி நாற்றுகள் கோணிக்கொண்டு வளர்ந்ததே அவருக்குத் துப்பு.

உரக்கடை மருந்துக்கு வருவோம். அது பெரும்பாலும் என்.ஏ.ஏ. என்னும் செயற்கை ஆக்சினாக இருக்கும். மாவில் காயாகவேண்டிய பூவும் பிஞ்சும் முன்கூட்டியே கொட்டுவதைக் குறைப்பதற்காக அதைத் தெளிக்கிறார்கள். பவழமல்லியிலோ உதிர்வது தனக்குரிய ஓர் இரவை முழுதாக வாழ்ந்து முடித்த பூ. மருந்துக்குக் கொடுக்கும் பணம் வீண்.

வெட்டுமலராக விற்கும் கார்னேஷனை எத்திலீனிடமிருந்து காப்பாற்றும் வழிகளுக்கு உலகெங்கும் ஆய்வுப் பணம் கொட்டப்பட்டிருக்கிறது. ஒரே இரவில் மலர்ந்து உதிரும் நம் வாசல் மரத்துக்கும் அதில் சிறு பங்கு கிடைத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம். 1753இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு 'ஆர்பர்-ட்ரிஸ்டிஸ்', அதாவது சோக மரம் என்று பெயர் வைத்ததிலும் எனக்கு உடன்பாடில்லை. மற்றப் பூக்கள் தரையில் விழுந்தால் பூசைக்கு ஆகாது என்று விலக்கும் நம்மவர்கள், இதை மட்டும் பொறுக்கி எடுத்துச் சாமிக்குச் சாத்துகிறார்களே! மணத்துக்குப் பாம்பு வரும் என்று அக்கம்பக்கத்தில் யாரேனும் பயமுறுத்தினால், பாம்பு எலிக்கும் தவளைக்குமே வரும் என்று சொல்லிவிட்டுப் புதரைச் சுத்தமாக வைத்திருங்கள்.

இன்றிரவு மரத்தடியில் ஒரு பழைய வேட்டியை விரித்து வையுங்கள். காலையில் மண் படாத பூ கிடைக்கும். அப்படியே கிளை நுனியையும் உற்றுப் பாருங்கள். பூ கழன்ற இடத்தில் நிற்கும் அந்தப் பச்சைக் கிண்ணங்களுள் சில, நாணயம்போல் தட்டையான காய்களாகி, பழுப்பேறிக் காய்ந்து, ஆளுக்கு இரண்டு விதைகளைத் தரும்.