பூசிய இடம் நிற்கிறது, பக்கத்து இடம் வெடிக்கிறது

அமெரிக்காவின் மயாமி பீச்சில் ஓஷன் டிரைவ் என்ற கடலோரத் தெருவைச் சுற்றிவிட்டு வந்த வாசகர் ஒருவரின் கேள்வி: "கடலோரக் கட்டடங்களில் ஒரு விரிசலைக் கொத்திப் பூசினால், சில வருடங்களில் அதை ஒட்டியே இன்னொன்று கிளம்புகிறதே, கொத்தனார் சரியில்லையா?"

கொத்தனார் பாவம். அவர் ஒழுங்காக வேலை செய்ததுதான் சிக்கலே.

அந்தத் தெருவின் பெரும்பாலான ஹோட்டல்கள் 1930களில் எழுந்தவை. கட்டடக் கலைஞர் ஹென்றி ஹோஹவுசர் வடிவமைத்த 'காலனி' ஹோட்டல் 1935, 'கார்டோசோ' 1939. இன்னொரு கலைஞர் மர்ரே டிக்சனின் 'டைட்ஸ்' 1936. ஜன்னல்களுக்கு மேல் நீளும் சன்ஷேடுகளை அங்கே 'புருவம்' என்பார்கள். அழகு அவற்றில்தான், உப்புக்காற்று முதலில் பதம் பார்ப்பதும் இப்படிப்பட்ட மெல்லிய நீட்டல்களைத்தான்.

கான்கிரீட்டின் காரத்தன்மை (பி.எச். 13 வரை போகும்) உள்ளிருக்கும் இரும்புக் கம்பிமேல் மெல்லிய ஆக்சைடு படலத்தைக் காத்து நிற்கும். கடல் உப்பிலுள்ள குளோரைடு ஊடுருவினால் படலம் உடையும், இரும்பு துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைப்போலப் பல மடங்கு இடம் வேண்டும், கான்கிரீட் பிளக்கும். இதெல்லாம் பள்ளிப்பாடம்.

சுவாரசியம் இனிமேல்தான். படலம் உடைந்த இடத்தில் இரும்பு கரைந்து எலெக்ட்ரான்களை விடுகிறது. அவை கம்பி வழியே பக்கத்துப் பகுதிக்கு ஓடுகின்றன. அங்கே ஆக்சிஜனும் நீரும் அவற்றை வாங்கி ஹைட்ராக்சைடு ஆகின்றன. அதனால் அங்கே காரம் கூடுகிறது. எதிர்மின்னூட்டம் கொண்ட குளோரைடோ துருப்பிடிக்கும் பக்கமே இழுபடுகிறது. ஆக, ஒரே கம்பியில் ஒரு துண்டு கரைந்துகொண்டே தன் அண்டைவீட்டைக் காப்பாற்றுகிறது! அந்த அண்டையிலும் உப்பு ஏறித்தான் இருக்கிறது. ஆனால் துரு இல்லை.

இப்போது கொத்தனார் வருகிறார். துருவைச் சுத்தமாகச் சுரண்டி, உப்பில்லாத புதுக் கலவை பூசுகிறார். அந்தத் துண்டு இனிக் கரையாது. காவல் போய்விட்டது, பக்கத்தில் உப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. போதாக்குறைக்கு, புதிதாகப் பூசிய ஒட்டுக்குள் இருக்கும் நல்ல கம்பியே இப்போது எலெக்ட்ரான் வாங்கும் முனையாகிவிடுகிறது. ஒட்டின் விளிம்பைச் சுற்றிப் புதுத் துரு கிளம்புகிறது.

மாற்று உண்டு. பூசுவதற்குமுன் கம்பியில் துத்தநாகத் துண்டைக் கட்டிவிட்டால், இரும்புக்கு முந்திக்கொண்டு அது கரையும். அது தீரும்வரை கம்பி பிழைக்கும். எங்கே துரு ஓடுகிறது என்பதையும் உடைக்காமலே அறியலாம்: செம்பு சல்பேட் மின்முனையை ஈரச் சுவரில் வைத்து, அதோடு ஒப்பிட்டுக் கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும்போது மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டி இறங்கினால், அங்கே துரு நடக்க வாய்ப்பு மிக அதிகம்.

புதுவகை கான்கிரீட் ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் மவுசு இந்த அளக்கும் முறைக்கு என்றைக்கும் கிடைத்ததில்லை என்பது என் ஆதங்கம். கவனிப்பில்லாத கட்டடத்தின் கதிக்கு ஓர் உதாரணம்: அதே மயாமி பீச்சின் காலின்ஸ் அவென்யூவில் 1964இல் பீட்டில்ஸ் பாடிய டோவில் ஹோட்டல், பூட்டியே கிடந்து சீரழிந்து, 2022இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.