பலா செத்தது இந்த மாசமில்லை

போன கிழமை மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம் இன்னொரு பலா. இந்த வருடம் நான் போய்ப் பார்த்த நாலாவது. முப்பது வருடம் காய்த்த மரம். பத்தே நாளில் இலையெல்லாம் கருகி, உதிராமல் தொங்குகிறது. "ஆரோ கண் வெச்சிட்டாங்க மனே" என்றார் அந்த அம்மா. மகன் கறையானைக் காட்டினார். கறையான் பட்டை காய்ந்த பிறகு வந்தது.

நான் பார்த்தது அடிமரத்தை. பலா நிலத்தைத் தொடும் இடத்தில் அகன்று, வேர் புடைத்துத் தெரிய வேண்டும். இதுவோ கரண்ட் போஸ்ட் போல நேராக மண்ணுக்குள் இறங்கியிருந்தது. எப்போது கிரவல் போட்டீர்கள் என்று கேட்டேன். போன மாரிக்கு முன், வெள்ளத்துக்குப் பயந்து வளவை இரண்டடி உயர்த்தினார்களாம். அலவாங்கு போட்டுத் தோண்டினோம். பழைய மண்ணில் வேர் கறுத்து, தோல் கையோடு கழன்றது. புளித்த நாற்றம்.

"ஆணிவேர் ஆழத்திலதானே சேர், மேல மண் போட்டா என்ன?" எத்தனை வளவில் இதைக் கேட்டுவிட்டேன்! தண்ணீரும் சத்தும் உறிஞ்சுவது மெல்லிய வேர்கள். அவற்றில் பெரும்பகுதி மேலே ஓரிரண்டு அடிக்குள், கிளைகளின் நிழலையும் தாண்டிப் பரவியிருக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் மாரிக்குக் கிணற்று நீர் கைக்கெட்ட வந்துவிடும். அந்த நீருக்குள் பலா வேர் பிழைக்காது. நம் மரங்கள் மேல்மண்ணை நம்பித்தான் நிற்கின்றன. அந்த வேருக்கும் காற்று வேண்டும். அதன்மேல் கிரவலைக் கொட்டி, ரோலர் ஓட்டி இறுக்கினால்?

மாரி ஈரத்தில் மரம் சமாளித்தது. கச்சான் என்ற வறண்ட காற்று வீசியதும் இலை கேட்ட தண்ணீரைக் கொடுக்க வேர் இல்லை. வாடியதைக் கண்டு யூரியாவும் குடம் குடமாய்த் தண்ணீரும் ஊற்றியிருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அழுகும் வேருக்கு இரண்டுமே கேடு.

வளவை உயர்த்தத்தான் வேண்டுமென்றால், கிளை பரவிய அளவுக்கு வட்டமாகப் பழைய மட்டத்தை விட்டு, சுற்றிக் கல் கட்டுங்கள். மழைநீர் வடிய ஒரு வழியும் வையுங்கள். முற்றத்துச் சீமெந்தும் அந்த வட்டத்துக்குள் வரக் கூடாது. ஏற்கெனவே மண் போட்டவர்கள் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் வேர் புடைப்புத் தெரியும்வரை கையால் மண்ணை விலக்குங்கள். ஜேசிபி வேண்டாம், இருக்கிற வேரையும் அறுத்துவிடும்.

அதே வளவில் ஒரு மாமரத்தைச் சுற்றி அன்றே மண்ணை எடுத்தோம். அதற்கு இன்னும் பச்சை இருக்கிறது.